ஷ்யாமின் தாயும் நம் தாய்மாரும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், கொல்லிமலைச் செம்மேட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

ஆண்டுதோறும் இம்மேடையில் வல்வில் ஓரியின் கொடையைப் பற்றியும் கொல்லிப்பாவையைப் பற்றியும் பேசி வந்தேன். நீங்களும் சலியாது கேட்டு வந்தீர்கள். இவ்வாண்டும் அதனையே எதிர்பார்த்துச் செயலாளர் அவர்கள் எனக்கு எழுதியிருந்தார்கள். யானோ ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேச அனுமதி வேண்டினேன். தமிழ்ப் பண்டிதனுக்குச் சினிமா எற்றுக்கு என்று சிலர் நகைக்கக்கூடும். அதுவும் மராத்தி மொழிப் படம் என்றால் அந்நகை இன்னும் பெரிதாகும். ஆயினும் ஓரியின் கொடையைப் பற்றிப் பேசுவது எளிது. அவன் அரசன், அவனுக்கு மலையிருந்தது, நாடிருந்தது, யானையிருந்தது. கையில் ஒன்றுமில்லாதவர் கொடுக்கும் கொடையைப் பற்றிப் பேசுதலே அரிது. அத்தகைய கொடையை நாடோறும் செய்யும் தாய் தந்தையர் இப்பந்தலில் நிரம்பியிருக்கின்றனர். ஆகவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

யான் கூறவந்த படத்தின் பெயர் 'ஷ்யாம்சி ஆயி'. ஷ்யாமின் தாய் என்பது அதன் பொருள். மராத்தியர் தாயை 'ஆயி' என்பர். நம் பழந்தமிழில் என் தாய் என்பதற்கு 'யாய்' என்றும், உன் தாய் என்பதற்கு 'ஞாய்' என்றும் வழங்கினர். நம் ஊர்ப்புறங்களில் முதியவளை 'ஆயி' என்று அழைப்பாரும் உளர். மொழி நூலார் இவ்வொற்றுமைக்கு என்ன காரணம் கூறுவரோ, அது வேறு. அச்சொல் காதில் விழுந்தவுடன் வேற்று மொழி என்னும் கூச்சம் எனக்கு அகன்றது என்பதை மட்டும் கூறுவேன்.

இப்படம் வெளிவந்த ஆண்டு 1953. இதனைத் தயாரித்து இயக்கியவர் ஆச்சாரிய அத்ரே எனப்படும் பிரகலாத் கேசவ அத்ரே என்னும் பெரும் எழுத்தாளர். தாயாக நடித்தவர் வனமாலா. 1941-ல் 'சிக்கந்தர்' என்னும் இந்திப் படத்தில் கண்ணைப் பறிக்கும் ஒப்பனையோடு தோன்றிய அந்த அம்மையார், இப்படத்தில் கிழிசற் புடவையும் வாடிய முகமுமாய் ஓர் ஏழைத் தாயாகவே மாறிவிட்டார். சிறுவன் ஷ்யாமாக நடித்தவர் மாதவ் வஜே. 1954-ல் நம் நாட்டில் முதன்முறையாகத் தேசியத் திரைப்பட விருதுகள் வழங்கப்பட்டபோது, குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற முதற் கதைப்படம் இதுவே. எழுபது ஆண்டுகள் கழித்து, 2023-ல், சுஜய் டஹாகே என்பவர் இக்கதையை மீண்டும் கறுப்பு வெள்ளைப் படமாகவே எடுத்தார். எழுபதாண்டு கழிந்தும் ஒரு கதையை ஒரு சமூகம் மீண்டும் கேட்க விரும்புகின்றதென்றால், அதில் கேட்கத்தக்கது ஒன்று உண்டென்பது தெளிவு.

நிற்க. இக்கதை கற்பனைக் கதை அன்று. இதனை எழுதியவர் சானே குருஜி. பாண்டுரங்க சதாசிவ சானே என்பது அவருடைய முழுப்பெயர். 1899-ல் கொங்கண நாட்டில் பாலகட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் ஒருகாலத்தில் வசதியாக வாழ்ந்து, பின்னர்க் கடனில் மூழ்கியது. அவர் பள்ளி ஆசிரியராகவும் மாணவர் விடுதியின் காப்பாளராகவும் பணியாற்றி, 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது வேலையைத் துறந்து சிறை சென்றார். 1933-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாசிக் சிறையில் இருந்தபோது, மறைந்த தம் தாயை நினைந்து ஐந்தே நாட்களில் இந்நூலை எழுதினார் என்பர். ஷ்யாம் என்பவன் தன் தோழர்களை மாலைதோறும் அமரவைத்து, ஓரிரவுக்கு ஒரு நிகழ்ச்சியாகத் தன் தாயின் கதையைச் சொல்வதாக அந்நூல் அமைந்துள்ளது. ஷ்யாம் என்பவன் வேறு யாருமல்லன், சானே குருஜியே.

இங்கே நமக்கு உவகை தரும் செய்தி ஒன்றுண்டு. அவர் திருச்சிராப்பள்ளிச் சிறையிலும் அடைக்கப்பட்டிருந்தார். அங்கிருந்த காலத்தில் உடனிருந்தோரிடம் தமிழ் கற்றார். திருக்குறளை மராத்தியில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 1948-ல் வெளிவந்தது. நம் மலைக்குத் தெற்கே, நாம் ஆஸ்பத்திரிக்கும் வியாபாரத்துக்கும் போய்வரும் திருச்சியில், ஒரு சிறையறையில் அமர்ந்து ஒரு மராத்திய ஆசிரியர் நம் அகரத்தைக் கற்றார் என்று எண்ணும்போது மெய் சிலிர்க்கின்றது. வள்ளுவர் 'மக்கட்பேறு' என்னும் அதிகாரத்தில், தந்தை மகனுக்குச் செய்யத்தக்க நன்மை இன்னதென்றும், மகன் தந்தைக்குச் செலுத்தத்தக்க கைம்மாறு இன்னதென்றும் துலாக்கோலின் இரு தட்டிலும் வைத்து நிறுத்துக் காட்டியுள்ளார். தன் தாயின் கதையை எழுதிய கையே அவ்வதிகாரத்தையும் மராத்தியில் எழுதிற்று.

இனிக் கதைக்கு வருவோம். ஷ்யாமின் தாய் யசோதை செய்த தியாகம் யாது? அவள் பெருஞ்செயல் ஒன்றும் செய்யவில்லை. அரசனை எதிர்த்து நிற்கவில்லை; தீயில் பாயவில்லை. கடன்காரனுடைய ஆள் வாயிலில் நின்று இழிமொழி கூறும்போது அதனைத் தாங்கினாள். நோயுற்ற உடலோடு வீட்டு வேலை அனைத்தையும் செய்தாள். இருந்ததைக் கணவனுக்கும் மக்களுக்கும் இட்டு, எஞ்சியதை உண்டாள். இவையெல்லாம் நம் மலையில் எந்த வீட்டிலும் காணக்கூடியவையே. இவற்றை மட்டும் காட்டியிருப்பின், பார்ப்பவர் நான்கு சொட்டுக் கண்ணீர் விட்டு வீடு திரும்பியிருப்பர். அவளுடைய சிறப்பு வேறோரிடத்தில் உள்ளது. அவள் தன் வறுமையை மகனிடம் மறைக்கவில்லை. தன் உழைப்பில் அவனுக்குப் பங்கு கொடுத்தாள். அவன் பிழை செய்தபோது ஏழை வீட்டுப் பிள்ளைதானே என்று இரங்கி விட்டுவிடவும் இல்லை.

சில நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன். ஒரு நாள் ஷ்யாம் குளித்துவிட்டு, ஈரக் காலில் மண் ஒட்டும் என்று தரையில் கால்வைக்க மறுக்கின்றான். தாய் தன் புடவைத் தலைப்பைக் கல்லின்மேல் விரிக்கின்றாள். அவன் அதன்மேல் கால்வைத்து நடக்கின்றான். இம்மட்டில் அது செல்லம். அவளோ அத்தோடு நிறுத்தவில்லை. காலில் அழுக்குப் படலாகாது என்று இத்துணைக் கவலைப்படுகின்றவன், மனத்தில் அழுக்குப் படாமலிருக்கவும் அவ்வாறே கவலைப்பட வேண்டும் என்று அறிவுறுத்துகின்றாள். தலைப்பை விரித்ததும் அவளே. அதற்கு விலை கேட்டதும் அவளே. அவ்விலை பணமன்று, ஒழுக்கம்.

இன்னொரு நாள், ஊர்ச் சிறுவர் எல்லாரும் கிணற்றில் நீந்தக் கற்கும்போது, இவன் அஞ்சி வீட்டில் ஒளிந்துகொள்கின்றான். தாய் அவனைத் தேடிப் பிடித்துக் கோலால் அடித்துக் கிணற்றுக்கு ஓட்டுகின்றாள். அவன் நீந்திவிட்டுத் திரும்பி வந்தபின், அடிபட்ட இடத்தைத் தடவிக்கொடுத்துக் கண்ணீர் விடுகின்றாள். தன் மகனைக் கோழை என்று பிறர் கூறலாகாது என்பதே அவள் எண்ணம். அடிப்பது நன்று என்று யான் கூறுவதாகக் கொள்ளற்க. இன்று பள்ளியிலும் வீட்டிலும் அது கூடாது. அவள் மகனுடைய அச்சத்துக்குத் துணைபோகவில்லை என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

தையல் இலை பற்றிய நிகழ்ச்சி நம் பிள்ளைகளுக்கு நன்கு விளங்கும். நம் மலையில் இலை தைப்பதை அறியாதார் யார்? ஷ்யாம் இலை தைக்கக் கற்க மறுக்கின்றான். தைக்காதவனுக்கு இலையில் சோறில்லை என்று தாய் உறுதியாக நிற்கின்றாள். அவன் சினந்து எழுகின்றான், பின்னர்க் கற்கின்றான். நூலில் உள்ள மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒரு நாள் தாய் கறியில் உப்பிட மறந்துவிடுகின்றாள். தந்தையார் ஒரு சொல்லும் கூறாமல் உண்கின்றார். அதைக் கண்ட பிள்ளைகளும் ஒன்றும் கூறாமல் உண்கின்றனர். பின்னர்த் தான் உண்ணும்போதே அவளுக்கு அது தெரியவருகின்றது, மனம் நோகின்றாள். பொறுத்தல் என்பதைப் பிள்ளைகள் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. தந்தையின் வாய் மூடியிருந்ததைக் கண்டு கற்றனர்.

இவற்றின் பயனை ஒரே நிகழ்ச்சியில் காணலாம். ஷ்யாம் வீட்டை விட்டு வெளியூரில் படிக்கின்றான். தின்பண்டத்துக்கென்று கிடைத்த காசைத் தின்னாமல் சிறுகச் சிறுகச் சேர்த்து, வீட்டிலுள்ள தம்பிக்கு ஒரு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு பண்டிகைக்கு ஊர் வருகின்றான். தம்பிக்குச் சட்டையில்லை என்பதை அவன் அறிவான். அதனை வாங்க வீட்டில் காசில்லை என்பதையும் அறிவான். அறிந்தமையாலே செய்தான். அறியாதவன் எப்படிச் செய்வான்?

இவ்விடத்தில், சபையோரே, என் வரலாறு ஒன்றைக் கூற வேண்டியிருக்கின்றது. இதுவரை எவரிடமும் கூறாதது. என் தாயாரும் தமக்கையாரும் இப்பந்தலில் பெண்டிர் வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களும் இன்றுதான் கேட்கப் போகின்றனர்.

யான் ஐந்தாம் வகுப்பு வரை நம் மலையில் படித்தேன். பின்னர்ச் சமவெளியில் ஒரு பள்ளியில் சேர்ந்து விடுதியில் தங்கினேன். என் தந்தையார் சாமையும் கேழ்வரகும் விதைத்தவர். பின்னாளில் மற்றவரைப் போலவே மரவள்ளி நட்டவர். ஓர் ஆனித் திங்களில், ஒரு பெரிய பலாப்பழத்தைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, பேருந்து நிலையத்திலிருந்து வெறுங்காலோடு நடந்து என்னைப் பார்க்க வந்தார். வேட்டியில் பலாப்பால் கறை. விடுதி வாயிலில் என்னோடு நின்ற சமவெளிப் பிள்ளைகள், இவர் யார் என்று கேட்டனர். யான், எங்கள் ஊர்க்காரர், அப்பா கொடுத்தனுப்பினார் என்று கூறிவிட்டேன்.

என் தந்தையார் அதனைக் கேட்டார். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்பிள்ளைகளை நோக்கி, "ஆமாந் தம்பி, இவங்கப்பாதான் குடுத்துவிட்டார்" என்றார். பழத்தை இறக்கி வைத்தார். சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

அதன்பின் அவர் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு நாளும் அதனை வாயெடுக்கவில்லை. யானும் எடுக்கவில்லை. அவர் மறைந்தபின், எங்கள் மிளகுக் கொடிகளின் விளைச்சலை மூன்றாண்டுக்கு முன்பணம் வாங்கி ஒரு வியாபாரிக்கு விட்டிருந்தார் என்பதும், அப்பணத்திலேதான் யான் புலவர் படிப்புப் படித்தேன் என்பதும் எனக்குத் தெரியவந்தன. கொடி நம் தோட்டத்தில், காய் நம் கண்முன், பறிப்பவன் வேறொருவன். அம்மூன்றாண்டும் விடுமுறைக்கு வீடு வந்தபோதெல்லாம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டேனல்லேன்.

தகப்பன் என்னும் பெயரையும் மகனுக்காக விட்டுக்கொடுத்த அச்செயலே தியாகத்தின் கொடுமுடி என்று பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன். அவ்வாறே மனத்துக்குள் அவரைத் தொழுதும் வந்தேன். ஷ்யாமின் தாயைக் கண்டபின் ஓர் ஐயம் எழுந்தது. அவ்விடுதி வாயிலில் அவள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பாள்? அப்பொய்க்கு ஆம் என்று கூறியிருப்பாளா? ஒருக்காலும் மாட்டாள். எல்லார் முன்னிலையிலும் என் கையைப் பற்றி, இவன் என் மகன் என்று கூறியிருப்பாள். எனக்கு அன்று ஒரு நாழிகை அவமானம் நேர்ந்திருக்கும். ஆயின் முப்பது ஆண்டுச் சுமை நேர்ந்திராது.

என் தந்தையாரைக் குறைகூறுவதாக நினைக்கலாகாது. அவர் அன்பில் ஷ்யாமின் தாய்க்கு ஓர் அணுவும் குறைந்தவரல்லர். நம் பெற்றோர் அனைவரிடமும் உள்ள ஒரு பழக்கமே அவரிடமும் இருந்தது. "பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்" என்பது அது. கடன் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், தாலிக்கொடி அடகிலிருப்பது தெரிய வேண்டாம், குடகுக்கும் கேரளத்துக்கும் தோட்டக் கூலிக்குப் போய்க் கொட்டகையில் படுத்தது தெரிய வேண்டாம், பிள்ளை படிக்கட்டும். இவ்வாறு கூறுவது பேரன்பே. ஆயின் விளைவு யாது? காரணம் தெரியாமல் வளரும் பிள்ளை, தந்தையின் வெறுங்காலைக் காண்கின்றான். அக்கால் ஏன் வெறுங்காலாயிற்று என்பதை அறியான். தன் காலிலுள்ள செருப்புக்காகத்தான் அக்கால் வெறுங்காலாயிற்று என்று அறிந்தவன் அதனைக் கண்டு வெட்குவானா? அறியாமையே அவனுக்கு வெட்கத்தை உண்டாக்குகின்றது.

தமிழிலும் இத்தகைய படம் உண்டு. 2005-ல் சேரன் இயக்கி நடித்த 'தவமாய் தவமிருந்து' என்னும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிவகங்கைச் சீமையில் ஒரு சிறிய அச்சகம் நடத்தும் தந்தையாக ராஜ்கிரணும், தாயாக சரண்யாவும் நடித்தனர். குடும்ப நலம் பற்றிய சிறந்த படம் என்று தேசிய விருதும் பெற்றது. அத்தந்தை இரு மக்களையும் படிக்கவைக்கக் கடன்படுகின்றார். இரவு பகலாக அச்சுப்பொறியோடு போராடுகின்றார். ஆயினும் மூத்தவன் மணத்துக்குப் பின் பிரிந்து செல்கின்றான். இளையவன் சொல்லாமலே சென்னைக்குச் சென்றுவிடுகின்றான். தானும் ஒரு குழந்தைக்குத் தகப்பனாகிக் கையில் காசின்றித் தவிக்கும்போதே, தன் தகப்பன் எத்தகையவர் என்பது அவனுக்கு விளங்குகின்றது. மக்களில் பெரும்பாலார் இவ்வாறே காலம் கடந்து கற்கின்றனர். ஷ்யாமும் தாயின் இறுதி வேளையில் அருகிலில்லை. அவனும் படிப்பின் பொருட்டுத் தொலைவிலிருந்தான். ஆயினும் அவன் நெஞ்சில் துயரமே இருந்தது. என் நெஞ்சில் இருப்பது போன்ற குற்றம் இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நம் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி மற்றொரு பக்கம். தியாகத்தைப் பிள்ளைக்கு அறிவிக்க வேண்டும் என்று யான் கூறினால், அதனைச் சொல்லிச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று சிலர் பொருள் கொள்ளக்கூடும். "உனக்காக மாடு விற்றேன், ஆகையால் நான் சொல்லும் வேலைக்குப் போ; உனக்காகக் கடன்பட்டேன், ஆகையால் நான் காட்டும் இடத்தில் மணம் செய்துகொள்" என்பாரும் நம்மிடையே உளர். அது தியாகமன்று, வட்டிக்கு விட்ட பணம். ஷ்யாமின் தாய் தனக்கென்று ஒன்றும் கேட்டாளல்லள். நீந்து என்றாள், இலை தைக்கக் கற்றுக்கொள் என்றாள், பொய் கூறாதே என்றாள். அவள் கேட்டவை அனைத்தும் அவன் நன்மைக்கே.

அதுமட்டுமன்று. நூலில் ஓர் இடத்தில், தீண்டத்தகாதவள் என்று ஊரார் ஒதுக்கிய ஒரு முதியவளின் விறகுக் கட்டு வழியில் விழுந்துவிடுகின்றது. தூக்கிவிடுவார் ஒருவருமில்லை. ஷ்யாமின் தாய் தன் மகனை அனுப்பி, அக்கட்டைத் தூக்கிவிடச் செய்கின்றாள். அவர்கள் உயர்ந்த சாதியென்று கருதப்பட்ட குடும்பத்தினர். ஊரார் பேசுவர் என்பதை அறிந்தே செய்தாள். அன்று விறகுக் கட்டைத் தூக்கிய அச்சிறுவனே, 1947 மே மாதத்தில், பண்டரிபுரம் விட்டலன் கோயிலை அரிசன மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று உண்ணாநோன்பு கிடந்தார், கோயிற்கதவும் திறந்தது. தாய் பட்ட பாட்டுக்கு மகன் செலுத்திய கைம்மாறு தாயின் கைக்கு வரவில்லை. தெருவில் நின்றவர்க்குச் சென்றது. பெற்றோர் கடனை அடைப்பது என்பது இதுவே. நம் சங்கம் நம் குலத்தார்க்காக உள்ளது, உண்மை. ஆயின் நம் மலைவழியில் சுமை விழுந்து நிற்பவர் எக்குலத்தார் என்று கேட்டபின் கை கொடுப்பதற்காக அன்று.

இறுதியாக ஒன்று. அஃது யான் கண்டுபிடித்ததன்று. என் தமக்கையார் கூறியது. விடுமுறையில் இப்படத்தைக் கைப்பேசியில் அவருக்குப் போட்டுக் காட்டி, எழுத்தைப் படித்துக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முடிந்தபின் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, அவர், "ஏண்டா தம்பி, கதையிலே அந்தப் பையனுக்கு ஓர் அக்கா உண்டுன்னு சொன்னியே, அவளைப் பள்ளிக்கூடம் போட்டாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு மறுமொழி வரவில்லை. நூலில் அந்த அக்காவின் திருமணத்தைப் பற்றி ஓர் இரவு உண்டு. ஆயினும் அஃது ஷ்யாமின் கதை. அதுபோலவே எங்கள் வீட்டின் கதையும் என் கதையாகவே இதுவரை சொல்லப்பட்டு வந்தது. யான் ஐந்தாம் வகுப்பு முடித்துச் சமவெளிக்குப் போனேன். என் தமக்கையாரும் ஐந்தாம் வகுப்பு முடித்தார். மாடு மேய்க்கவும், வீட்டைப் பார்க்கவும் நிறுத்தப்பட்டார். என்னைக் காட்டிலும் கணக்கில் வல்லவர். பதினாறாம் வயதில் மணம் முடித்தனர். பெற்றோர் தியாகம் என்று நாம் மேடையேறிப் போற்றுவதில் ஒரு பகுதி, கேளாமலே பெண்மக்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. பெற்றோர் தாமே விரும்பிக் கொடுத்தனர். என் தமக்கையாரை ஒருவரும் கேட்கவில்லை. மனமுவந்து கொடுப்பதற்கே தியாகம் என்று பெயர். பிறர் பங்கை எடுத்துக் கொடுப்பதற்கு அப்பெயர் பொருந்தாது.

ஆகவே, சபையோரே, மூன்று வேண்டுகோளைச் சங்கத்தின் முன் வைக்கின்றேன். முதலாவது, பத்து வயது கடந்த பிள்ளைக்கு வீட்டு வரவு செலவைத் தாய் தந்தையர் உட்காரவைத்துக் கூற வேண்டும். விளைச்சல் எவ்வளவு, விலை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அது அறியட்டும். அச்சுறுத்த வேண்டா, அழ வேண்டா, கணக்காகக் கூறினால் போதும். விடுமுறையில் பிள்ளை கொல்லைக்கு வந்து மரவள்ளி பிடுங்கட்டும், படிப்புக் குறைந்துவிடாது. இரண்டாவது, பெண்பிள்ளையின் படிப்பை மகனுக்காக நிறுத்துவதில்லை என்று ஒவ்வொரு வீட்டாரும் உறுதி கொள்ள வேண்டும். பதினெட்டு வயதுக்கு முன் மணமில்லை என்பது அரசாங்கத்தின் சட்டம். பள்ளி இறுதி வகுப்புக்கு முன் நிறுத்தமில்லை என்பது நம் சங்கத்தின் சட்டமாகட்டும். மூன்றாவது, ஷ்யாம் மாலைதோறும் தன் தாயின் கதையைத் தோழர்க்குச் சொன்னது போல, நம் நாடுதோறும் திங்களில் ஒரு மாலை, படித்து வேலைக்குச் சென்றவர்கள் வந்து, தம்மைப் படிக்கவைத்தவர் பட்ட பாட்டை ஊரார் நடுவே தம் வாயால் கூற வேண்டும். கூறுவோரின் பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்திருக்க வேண்டும். அவர்கள் மறைந்தபின் படத்துக்கு மாலையிடுவதைக் காட்டிலும் இது நன்று.

கொல்லிமலைக்கு இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு நல்ல சாலையிருக்கின்றது. நம் பாட்டனாரும் முப்பாட்டனாரும் அச்சாலை இல்லாத காலத்தில் தலைச்சுமையோடு ஒற்றையடிப் பாதையில் இறங்கினர். இன்று அவ்வழியே நம் பிள்ளைகள் புத்தகப் பையோடு இறங்குகின்றனர். இறங்கும் பிள்ளையிடம் ஒன்று கூறி அனுப்புங்கள்: விடுதி வாயிலில் உன்னைத் தேடி யார் வந்தாலும், அவர் காலில் செருப்பில்லாவிட்டாலும், இவர் என் அப்பா, இவர் என் அம்மா என்று உரத்த குரலில் கூறு என்று.

அன்று யான் கூறாததை இன்று இச்சபை நடுவே கூறுகின்றேன். தலையில் பலாப்பழத்தோடு வெறுங்காலாய் வந்தவர் எங்கள் ஊர்க்காரர் அல்லர். அவர் என் தந்தையார்.